ஒரு கை மட்டும் இறுக்கம்

கை வீங்கியிருக்கும் யாராவது ஒருத்தி இதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் போதும் என்றுதான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் தப்பில்லை. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பேசித்தான் பழக்கம். அதுவும் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு பேசிப் பேசி, பாதி வார்த்தையை முழுங்கிவிடுவேன் என்று வீட்டில் சொல்வார்கள். இங்கே முழுங்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

என் பெயர் வசந்தா. ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் முருகையன் முன்பு மில்லில் இருந்தார். மில் மூடிய பிறகு என்னென்னவோ வேலை பார்த்துவிட்டு, இப்போது நோணாங்குப்பம் படகுத்துறையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறார். "எங்க ரெண்டு பேருக்குமே ஜாக்கெட் தொழில்தாங்க" என்பது அவர் புதிதாகப் பார்க்கிற எல்லோரிடமும் சொல்லும் ஜோக். அவர் சொல்லி முடிக்கும் முன்னால் அவரே சிரித்துவிடுவார். எங்களுக்கு ஒரே மகள், நித்யா. டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்.

ஜாக்கெட் தைப்பதில் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். துணியைச் சரியாக அளவுக்கே வெட்ட மாட்டோம். பக்கத்திலும் கையிலும் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்போம். பெண்களின் உடம்பு என்றைக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. பிள்ளை பெற்றால் பெருக்கும், கவலை வந்தால் இளைக்கும். பெருத்துவிட்டால் பழைய தையலைப் பிரித்து, ஓரத்துப் பக்கம் தள்ளி இன்னொரு தையல் போட்டால் அதே ஜாக்கெட் இன்னும் சில வருஷம் ஓடும். இதைத்தான் 'பிரித்து விடுவது' என்போம். உள்ளே தாராளமாகத் துணி விடுகிறவளைத்தான் பெண்கள் தேடி வருவார்கள். நான் தாராளமாக விடுகிறவள்.

கட்டியை நான்தான் கண்டுபிடித்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போக எனக்கே ஒரு ஜாக்கெட் தைத்துக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தபோது இடது பக்கம் சரியாக உட்காரவில்லை. தையலில் தப்பு என்று பிரித்துத் திரும்பத் தைத்தேன். அப்போதும் உட்காரவில்லை. எரிச்சலில் விரலை விட்டு அழுத்தியபோதுதான் கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. வலிக்கவே இல்லை. வலிக்காததால் ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் நித்யா மறுநாளே லீவு போட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் மார்புக்கு எக்ஸ்ரே மாதிரி ஒரு படம், பிறகு ஸ்கேன், பிறகு பயாப்ஸி. பயாப்ஸி என்றால் கட்டியில் கொஞ்சம் ஊசியால் கிள்ளி எடுத்து, அது கெட்ட கட்டியா சாதுவான கட்டியா என்று பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் ஆஸ்பத்திரியின் நீள ஹாலில் உட்கார்ந்து கிடந்தோம். எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "அது சாந்தி. நான் வசந்தா" என்று சொல்லி உட்கார வைப்பேன். பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அவரைப் பார்த்துக்கொள்வதில் என் பயத்துக்கு நேரம் கிடைக்கவில்லை.

ரிசல்ட் வந்த அன்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். அவர் அதிகம் பேசமாட்டார், பேசினால் சுற்றி வளைக்கமாட்டார்.

"புற்றுநோய்தாம்மா. இடது மார்பை எடுக்கணும். அக்குள்ல இருக்கிற நெறிக்கட்டிங்களையும் சேர்த்து எடுப்போம். அப்புறம் கீமோ, கரண்ட் எல்லாம் இருக்கு. குணப்படுத்தக்கூடிய நிலைமையிலதான் வந்திருக்கீங்க."

நான் வாயைத் திறக்கும் முன்னால் என் வீட்டுக்காரர் கேட்டார். "கை ஒண்ணும் ஆவாதில்ல மேடம்? தைக்கிற கைங்க."

உயிருக்கு ஆபத்தா என்று கேட்காமல் கைக்கு ஆபத்தா என்று கேட்ட மனுஷனை அன்று எனக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, என் மனசில் இருந்ததைத்தான் அவர் கேட்டார் என்று தெரிந்தது. இருபது வயதிலிருந்து நான் நம்பியிருப்பது இந்த இரண்டு கையைத்தான். கை போனால் நான் யார் என்று எனக்குத் தெரியாது.

"கை இருக்கும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா அந்தக் கையை இனிமே ஒரு குழந்தை மாதிரி பாத்துக்கணும்."

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது நெஞ்சைச் சுற்றிக் கட்டு. கட்டுக்கு அடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வெளியே வந்து, பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் முடிந்திருந்தது. டிரெய்ன் என்றார்கள். உள்ளே அறுத்த இடத்தில் ஊறுகிற நீர் தேங்காமல் வெளியே வர வைத்திருக்கும் வழி. முதலில் ரத்தமாக வந்தது. பிறகு ரோஸ் மில்க் நிறம். அப்புறம் லேசான மஞ்சள். அந்த நிறம் மாறுவதைத்தான் வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம். காலையில் நர்ஸ் வந்து டப்பாவைச் சாய்த்து அளந்து கொட்டுவார். அளவு குறைந்தால் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள்.

பக்கத்துக் கட்டிலில்தான் அஞ்சலை. குருசுக்குப்பத்துக்காரி, மீன் விற்கிறவள். என்னை விடச் சின்னவள், என்னை விடச் சத்தம். எனக்கு இடது பக்கம், அவளுக்கு வலது. முதல் நாளே என்னைப் பார்த்து, "நீ இடதை எங்கிட்ட குடு, நான் வலதை உங்கிட்ட தரேன், யாராவது ஒருத்தியாவது முழுசா வூட்டுக்குப் போவலாம் யக்கா" என்றாள். சிரித்ததில் தையல் போட்ட இடம் சுரீரென்று இழுத்தது. வலியோடு சிரித்ததும் பிறகு அழுததும் அன்றுதான். அவளும் அழுதாள். அப்புறம் அவள் புருஷன் கொண்டு வந்த சங்கரா மீன் குழம்பை இருவரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

அந்த டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு பாத்ரூம் போவது பெரிய பாடு. குழாய் எங்கேயாவது மாட்டினால் உயிர் போகும். நான் நித்யாவிடம் வீட்டிலிருந்து துண்டுத் துணி, ஊசி, நூல் கொண்டு வரச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்தபடி, கழுத்தில் தொங்கவிடுகிற மாதிரி ஒரு பை தைத்தேன். அஞ்சலைக்கும் ஒன்று. யாரோ ஒருத்தியின் பட்டு ஜாக்கெட்டில் மிச்சமான துணி அது, ஜரிகைக் கரை வேறு இருந்தது. "டப்பாவுக்கு வந்த வாழ்வப் பாரேன்" என்று அஞ்சலை வார்டு முழுக்க நடந்து காட்டினாள். அந்தப் பையைத் தைத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. என் கை என்னிடம்தான் இருக்கிறது என்று தெரிந்தது.

குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சில நாளில் தையல் போட்ட இடம் உப்பியது. நடந்தால் உள்ளே ஏதோ தளும்புகிற மாதிரி இருந்தது. தையல் விட்டுப்போயிற்று என்று பயந்தேன். என் வீட்டுக்காரர் பார்த்தார். "நீர் கோத்துக்கிச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர் அளந்துதான். மோர் கிடையாது, ரசம் கிடையாது, இளநீர் பேச்சே கிடையாது. வெறும் சோற்றில் கெட்டியாகப் பருப்பைப் பிசைந்து வைத்தார். வெயிலோ கொளுத்துகிறது. நான் நாக்கு வறண்டு கிடக்க, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினார். அவ்வளவு அன்பாக ஒரு ஆளைத் தாகத்தில் தவிக்கவிடமுடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

டாக்டரம்மா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், அவங்க குடிக்கிற தண்ணி வேற, இது வேற. நிறைய குடிக்கட்டும்."

பிறகு எனக்கு விளக்கினார். மார்பை எடுத்த இடத்தில் தோலுக்கும் சதைக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் உண்டாகிவிடுகிறது. உடம்பு அதில் நீரை நிரப்பிவிடுகிறது. செரோமா என்று பெயர். பலருக்கும் வருகிறது. கொஞ்சமாக இருந்தால் தானே வற்றிவிடும், அதிகமாக இருந்தால் ஊசி போட்டு உறிஞ்சி எடுப்பார்கள். எனக்கு உறிஞ்சித்தான் எடுத்தார்கள். பெரிய ஊசியைப் பார்த்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். குத்தியதே தெரியவில்லை, அந்த இடம் மரத்துப்போயிருந்தது. சிரிஞ்சு நிறைய வைக்கோல் நிறத்தில் நீர். மறுபடியும் சேர்ந்தது, மறுபடியும் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. என் வீட்டுக்காரர் வரும் வழியிலேயே வண்டியை நிறுத்தி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். ஒன்று போதாதென்று இன்னொன்றும் வெட்டச் சொன்னார்.

அன்றைக்கே கையைப் பற்றியும் டாக்டரம்மா சொன்னார். இடது கையில் ஊசி போடவிடாதே, பி.பி. பார்க்கவிடாதே, சூடு படாமல் பார்த்துக்கொள், காயம் படாமல் பார்த்துக்கொள். கை கனத்தாலோ வீங்கினாலோ உடனே வா. நான் தலையாட்டினேன். நானும் அஞ்சலையும் சேர்ந்தே தலையாட்டினோம். அவளுக்கும் அன்று அதே ஓ.பி.தான்.

அதற்குப் பிறகு கீமோவும், கரண்ட் என்று எல்லோரும் சொல்கிற கதிர்வீச்சும். அதைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். முடி கொட்டியது, வாய் புண்ணானது, விரல் நுனியெல்லாம் மரத்தது, சாம்பார் இரும்பு மாதிரி ருசித்தது. காப்பீட்டு அட்டையும் கையிருப்பும் சேர்ந்து எப்படியோ கரையேற்றின. எல்லாம் முடிந்தது. மிஷினில் உட்கார்ந்தேன். தீபாவளிக்கு முன்னால் உட்கார்ந்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல. பழைய வாடிக்கைக்காரிகள் எல்லோரும் வந்தார்கள். "வசந்தா கை வச்சாதான் எனக்கு உக்காருது" என்று சொல்லிச் சொல்லித் துணியை நீட்டினார்கள். ஒருத்திக்கும் முடியாது என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னால் என்னை முடிந்துபோனவள் என்று நினைத்துவிடுவார்கள் என்று பயம்.

ஒருநாள் காலையில் ஜாக்கெட் போடும்போது இடது கை இறுக்கமாக இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? கை வீங்கியிருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். நான் தையல்காரி. ஜாக்கெட்டைக் கழற்றினேன், இடது கைத் தையலைப் பிரித்தேன், கொஞ்சம் தள்ளி இன்னொரு தையல் போட்டேன், போட்டுக்கொண்டேன். சரியாக இருந்தது. சரியாக இருந்ததால் எனக்கும் ஒன்றும் இல்லை என்று ஆனது.

கொஞ்ச நாளில் மறுபடியும் பிடித்தது. மறுபடியும் பிரித்துவிட்டேன். ஒன்று மாற்றி ஒன்றாக என் எல்லா ஜாக்கெட்டுக்கும் இடது கையை மட்டும் பிரித்தேன். உள்ளே விட்டிருந்த துணியெல்லாம் தீர்ந்துபோன பிறகு அக்குளில் முக்கோணமாக ஒட்டுத் துணி வைத்துத் தைத்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்தினேன். மோதிரம் கழலவில்லை என்று சோப்புப் போட்டுக் கழற்றி டப்பாவில் வைத்தேன். சாயங்காலம் ஆனால் கை ஈரத்துணி மூட்டை மாதிரி கனத்தது. "இன்னாடி கையப் புடிச்சுக்கினே இருக்கே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டால், "தீபாவளி வேல" என்பேன்.

தெரியாமல் இல்லை. வீங்கினால் வா என்று டாக்டரம்மா சொன்னது காதிலேயே இருந்தது. ஆனால் வீக்கம் என்றால் அது திரும்பி வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். போனால் அதைச் சொல்வார்கள். போகாத வரையில் சொல்லமாட்டார்கள். இவ்வளவுதான் என் கணக்கு. தையலைப் பிரித்துவிடுகிற வரையில் எனக்கு ஒன்றும் இல்லை, நான் மிஷினில் உட்காரலாம்.

கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது ஊசி இடது ஆள்காட்டி விரலில் ஏறியது. நுனி மரத்துக் கிடந்ததால் எனக்குத் தெரியவில்லை. துணியில் ரத்தப் பொட்டைப் பார்த்துத்தான் கண்டேன். ஐயையோ துணி கறையாகிவிட்டதே என்று அதைக் கழுவ ஓடினேன், விரலைக் கழுவவில்லை. மறுநாள் மத்தியானம் குளிர் எடுத்தது. போர்வை மேல் போர்வை போட்டும் பல் கிட்டியது. கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து, தொட்டால் அடுப்புச் சட்டி மாதிரி சுட்டது. நித்யா கடையிலிருந்து ஆட்டோவிலேயே வந்துவிட்டாள். அவள் என் முந்தானையை விலக்கிக் கையைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன்.

அவசரப் பிரிவில் ஜாக்கெட்டைக் கழற்ற முடியவில்லை. கை அதற்குள் அப்படி இறுகிக் கிடந்தது. நர்ஸ் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக் கைப்பகுதியைக் கீழிருந்து மேலே ஒரே வெட்டாக வெட்டினாள். அந்தக் காய்ச்சலிலும், "தையல் மேல வெட்டும்மா, துணிய வெட்டாத" என்று நான் கத்தினதாக நித்யா சொல்கிறாள்.

வெட்டி எடுத்த அந்தத் துண்டை நித்யா கையிலேயே வைத்திருந்தாள். தையல்காரி மகள், அவளுக்குப் படிக்கத் தெரியும். பிரித்த தையல் ஒவ்வொன்றும் துணியில் வரிசையாகப் பொத்தல் விட்டிருக்கும். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எத்தினி தடவம்மா பிரிச்ச?" என்றாள்.

நான் முந்தானையை இழுத்துக் கையை மூடினேன்.

"கை வீங்கறது தெரிஞ்சு, ஜாக்கெட்டையா பெருசாக்கிக்கினு இருந்த?"

அப்புறம் அவள் அழுதாள். என்னைத் திட்டிக்கொண்டே என் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தாள். என் வீட்டுக்காரர் வேலை செய்த சட்டையோடு, உப்புத் தண்ணீர் வாடையோடு ஓடி வந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஜோக் அடிக்காமல் நின்றதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஊசி ஏறிய வழியாகக் கிருமி உள்ளே போய்த் தோலுக்கடியில் பரவிவிட்டது என்றார்கள். வலது கையில் மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்க நாள் பிடித்தது. அதுவரை நான் டாக்டரம்மாவிடம் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வரும்வரை கூரையில் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நித்யாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இவருக்குச் சோறு வடிக்கத் தெரியும், குழம்பு வைக்கத் தெரியாது. தைத்து முடிக்காத ஜாக்கெட்டுகள் கொடியில் தொங்குகின்றன. இதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். சாவதற்குப் பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

டாக்டரம்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"திரும்பி வரல வசந்தா. ஸ்கேன் சுத்தமா இருக்கு. இது லிம்ஃபெடிமா."

மற்றதெல்லாம் அப்புறம்தான் காதில் ஏறியது. ரத்தக்குழாய் மாதிரியே உடம்பு முழுக்க இன்னொரு மெல்லிய குழாய் வரிசை இருக்கிறது. அதில் நிணநீர் ஓடுகிறது. கையிலிருந்து வருகிற நீர் அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகள் வழியாகத்தான் திரும்பிப் போகவேண்டும். என் அக்குளில் அவற்றை எடுத்துவிட்டார்கள், எடுத்தால்தான் நோய் பரவாது. கரண்டும் வைத்ததில் இருந்த வழியும் குறுகிவிட்டது. எங்கள் தெருவில் மழைக்குக் கால்வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வீட்டு வாசலில் வந்து நிற்குமே, அந்த மாதிரி கையில் நிற்கிறது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் சுலபமாக இறக்கியிருக்கலாம். நாள் விட்டுவிட்டதால் கொஞ்சம் கெட்டித்துப்போயிருக்கிறது.

"அடைப்ப எடுத்துட முடியாதா மேடம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"முழுசா எடுக்க முடியாது. ஆனா குறைக்கலாம், குறைச்சத அப்படியே வச்சுக்கலாம். தினமும் பாடுபடணும்."

"தைக்கலாமா?" என்றேன் நான்.

"தைக்கலாம். பழைய மாதிரி மூச்சுவிடாம இல்ல."

கிருமி அடங்கியதும் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் இன்ச் டேப்பை எடுத்து என் கையை மணிக்கட்டிலிருந்து மேலே இடம் இடமாக அளந்தாள். வலது கையையும் அதே இடங்களில் அளந்தாள். நாள் முழுக்க ஊர்க் கையை அளக்கிறவள் நான், என் கையை ஒருத்தி அளந்து நான் பார்த்ததில்லை. இடதும் வலதும் அவ்வளவு வித்தியாசமாக இருந்தது. ஒட்டுத் துணி வைத்து எவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்று அந்த டேப்பில்தான் பார்த்தேன்.

அவள் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான். தோலை மெதுவாக, பூனையைத் தடவுகிற மாதிரி தோள் பக்கமாகத் தடவி நீரை நகர்த்தவேண்டும். அழுத்தித் தேய்க்கக்கூடாது, எண்ணெய் போட்டு உருவக்கூடாது, உப்பு ஒத்தடம் கூடவே கூடாது. பிறகு விரலிலிருந்து தோள் வரை பஞ்சும் பேண்டேஜும் சுற்றவேண்டும், விரல் பக்கம் இறுக்கமாக, மேலே போகப் போகத் தளர்வாக. அதோடு கையை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்யவேண்டும். ஒரு கையால் இன்னொரு கைக்குச் சுற்றிக்கொள்ள முடியவில்லை. நித்யாவுக்கு இறுக்கப் பயம், கொசுவலை மாதிரி தொங்கியது.

என் வீட்டுக்காரர் கையை நீட்டினார், "நான் சுத்தறேன், குடு."

ஊர்க்காரர்கள், வெளியூர்க்காரர்கள், குண்டு, ஒல்லி என்று ஆயிரம் பேருக்கு வாரை இழுத்து மாட்டிய கை. எங்கே இறுக்கினால் மூச்சு முட்டும், எங்கே தளர்த்தினால் கழன்றுவிடும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. படகுத்துறைக்குக் கிளம்பும் முன்னால் தினமும் காலையில் காப்பி குடித்துவிட்டு உட்காருவார். சுற்றி முடித்து ஒரு தட்டுத் தட்டுவார். "போ, இனிமே தண்ணியில முழுவ மாட்ட" என்பார். ஜோக் திரும்பி வந்துவிட்டது.

வீக்கம் இறங்கியது. முழுதாக இல்லை, ஆனால் மோதிரம் ஏறுகிற அளவுக்கு இறங்கியது. பேண்டேஜுக்குப் பதில் அளவெடுத்து வாங்கிய இறுக்கமான கையுறை வந்தது. கை முழுக்க மாட்டிக்கொள்வது, தோல் நிறம். தைக்கும்போது விரலில் அங்குஸ்தான் போட்டுக்கொள்கிறேன், ஊசி குத்தாமல் இருக்கிற அந்தச் சின்ன இரும்புத் தொப்பியை. கொஞ்ச நேரம் தைத்துவிட்டுக் கையை உயர்த்தித் தலையணை மேல் வைத்துக்கொண்டு வருகிறவர்களோடு வம்பு பேசுகிறேன். துணி வாங்கும்போதே, "லேட்டாகும், இஷ்டம் இருந்தா குடு" என்கிறேன். ஒருத்தியும் திரும்பிப் போகவில்லை. இதுநாள்வரை இதைச் சொல்லாமல் செத்தது எதற்கு என்று தெரியவில்லை.

போன பொங்கல் கழிந்து அஞ்சலை வந்தாள். ஆஸ்பத்திரியில் பழகியதிலிருந்து அவள் ஜாக்கெட் எல்லாம் நான்தான் தைக்கிறேன். மறுபடியும் கூடை தூக்க ஆரம்பித்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். வஞ்சிரம் கொண்டு வந்திருந்தாள். அவள் சாப்பிட்ட விதம் எனக்குச் சரியாகப்படவில்லை, வலது கையைத் தட்டிலிருந்து தூக்குவதற்குள் தோளைத் தூக்கினாள். கை கழுவிவிட்டு ஒரு ஜாக்கெட்டை எடுத்து மடியில் போட்டாள்.

"யக்கா, இத்த கொஞ்சம் பிரிச்சு வுடேன். கை புடிக்குது."

"ரெண்டு கையுமா?"

"வலது மட்டும். ஒடம்பு போட்டுடுச்சு யக்கா."

உடம்பு ஒரு கையில் மட்டும் போடுமா? ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினேன். நான் தைத்த தையலுக்குப் பக்கத்தில் கோணலாகக் கையால் போட்ட இன்னொரு தையல் இருந்தது. அவளே ஒரு தடவை பிரித்துப் பார்த்திருக்கிறாள்.

"நான் பிரிச்சு விட மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் கூட வரேன்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "தைக்கக் குடுத்தா தச்சிக் குடு. டாக்டரு வேல ஒனக்கு எதுக்கு? அங்க போனா இன்னா சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதா? கூடையத் தூக்காதேம்பாங்க. இல்லாங்காட்டி திரும்பி வந்துடுச்சும்பாங்க. ரெண்டுல ஒண்ணு. எதையும் நான் கேக்க மாட்டேன்."

நான் என் கையுறையைக் கழற்றிக் கையைக் காட்டினேன். நித்யா எடுத்து வைத்திருந்த என் பழைய கைத்துண்டைக் கொண்டு வந்து, வரிசை வரிசையாகப் பொத்தலைக் காட்டினேன். "நானும் ஒன்ன மாதிரிதான். கேக்காம இருந்தா இல்லன்னு நெனச்சேன். நீ இப்பயே வந்தீன்னா சீக்கிரம் எறங்கிடும். எனக்கு நாளாயிடுச்சு."

அவள் ஜாக்கெட்டைப் பிடுங்கப் பார்த்தாள். பிரித்துவிட வேறு தையல்காரி கிடைக்காமலா போவாள்? நான் எனக்குள்ளே யோசித்து எதுவும் செய்யவில்லை, கை தானாகப் போயிற்று. மேஜையில் கிடந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்து ஜாக்கெட்டின் வலது கையைத் தோளோடு வெட்டி எடுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் வாடிக்கைக்காரியின் துணியில் நான் போட்ட முதல் தப்பு வெட்டு அது.

"அடிப் பாவி, புதுசு யக்கா!"

"புதுசாவே கை வச்சுத் தரேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தப்புறம்."

அவள் வாசலில் உட்கார்ந்து என்னைத் திட்டினாள். குருசுக்குப்பத்துத் திட்டு, எழுதமுடியாது. பிறகு திட்டு குறைந்து, விசும்பல் ஆயிற்று. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் வலது கையும் என் இடது கையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன, வேண்டுமென்று உட்காரவில்லை, இடம் அப்படித்தான் இருந்தது. அவள் வீங்கிய கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். பூனையைத் தடவுகிற மாதிரி தடவினேன்.

மறுநாள் இருவரும் பஸ் ஏறினோம். அதே நீள ஹால். பஸ்ஸிலும் ஹாலிலும் அவள் அந்த ஜாக்கெட்டைப் பற்றியே புலம்பினாள், அதனால் அவளுக்குப் பயப்பட நேரமில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வீக்கம் ஆரம்ப நிலையில்தான் இருந்தது. கூடையைத் தூக்காதே என்று யாரும் சொல்லவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, கனத்தைக் குறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகச் சொன்னார்கள். இப்போது அவள் புருஷன் ஒரு பழைய சைக்கிளில் பெட்டி கட்டிக் கொடுத்திருக்கிறான், தள்ளிக்கொண்டு போகிறாள். அவள் கைக்கு பேண்டேஜ் சுற்ற முதல் வாரம் என் வீட்டுக்காரர்தான் அவள் புருஷனுக்குச் சொல்லிக்கொடுத்தார், வலைக்கு முடிச்சுப் போடுகிற மாதிரி இறுக்கிவிடாதே என்று.

அவள் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக் கொடுத்தேன். வழக்கமாகத் துணியை மடித்துப் போட்டு இரண்டு கையையும் ஒரே வெட்டில் வெட்டிவிடுவோம். இந்தத் தடவை மடிக்கவில்லை. அவளுடைய இரண்டு கையையும் தனித்தனியாக அளந்து, தனித்தனியாக வெட்டினேன். எனக்கும் அப்படித்தான் தைத்துக்கொள்கிறேன். போட்டால் பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

அவள் போட்டுப் பார்த்தாள். இறுக்கவில்லை, தொங்கவில்லை, அளவாக உட்கார்ந்தது. கழற்றி, பழக்கத்தில் உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா யக்கா, வலது கைக்குள்ள துணியே வுடல? நாளைக்குப் புடிச்சா எத்தப் பிரிக்கறது?"

"ஒண்ணும் பிரிக்க முடியாது" என்றேன். "புடிச்சா எங்கிட்ட வா."